பெட்டியில் போட்ட இலக்கம்

மன்னார்க் கடலோரத்துக் கீரிக் கிராமத்தில் அன்ரோனெற்றின் வாய்க்குப் பயப்படாத ஆள் அவளுடைய புருசன் சிங்கராசா ஒருவர்தான். அவருக்கும் பயம் இல்லையென்று சொல்ல முடியாது, பழகிவிட்டது, அவ்வளவுதான். கோயில் பங்குச் சபைக் கூட்டத்தில் அவள் எழும்பினால் முன்வரிசைக்காரர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பஸ் கண்டக்டர்மார், ஏன் வீண் வில்லங்கம் என்று, யாரையாவது எழுப்பிவிட்டு அவளுக்கு இடம் கொடுத்துவிடுவார்கள். சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்ததை அந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் கெட்ட மனுசி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். செத்தவீடென்றால் முதல் ஆளாய்ப் போய்க் குசினிக்குள் சமையலுக்கு நிற்பவளும் அவள்தான். பொய் பேசவும் தெரியாது. அன்ரோனெற் ஒரு விசயத்தைக் கத்திச் சொன்னால் அது உண்மையாய்த்தான் இருக்கும் என்று சனத்துக்கு ஒரு நம்பிக்கை. என்ன, வாய் மனதை முந்திக்கொண்டு ஓடிவிடும்.

அவளுக்குத் தொழில் வீடியோ. கலியாணம், பிள்ளைகளின் புது நன்மைப் பூசை, கோயில் திருநாள் எல்லாம் எடுப்பாள். எடுத்ததை வீட்டில் கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்த கமராக்காரன் தாலி கட்டும் நேரம் வெளியே நின்று போன் கதைத்ததைக் கண்ட ஆத்திரத்தில் பழகினாள். ஆத்திரத்தில் தொடங்கியது சோறு போடும் தொழிலாகிவிட்டது. கமராவைத் தூக்கிக்கொண்டு பீடத்தடியில் முழங்காலில் நகர்ந்து திரிந்தவளைப் பார்த்துச் சிரித்த அதே சனம், இப்போது கலியாணத்துக்கு நாள் வைக்க முதல் அவளைக் கேட்டுத்தான் வைக்கிறது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஒரு புதுக் கொம்பியூட்டர் வாங்கினாள். மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பவ்ஸான், உதிரிச் சாமான்களை எடுத்துப் பூட்டிக் கொடுத்தான். எருக்கலம்பிட்டிப் பொடியன், முப்பது வயதிருக்கும், கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அமைதியான ஆள். புறோசசர் வந்த சின்னப் பெட்டியைக் காட்டி, "இதுதான் அக்கா இதின்ர மூளை, அஞ்சு தசம் ரெண்டு வேகத்தில ஓடும்" என்றான். அந்தப் பெட்டியை அன்ரோனெற் எறியவில்லை. அலுமாரிக்குள் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் மாதங்களில் மெசின் பறந்தது. பிறகு எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, மெல்ல மெல்ல இழுத்தது. ஆவணியில் மடுமாதா கோயில் திருவிழாவுக்குப் பிறகு கலியாண வேலைகள் குவிந்து கிடந்த நேரம், ஒரு வீடியோவை வெட்டி ஒட்டி முடித்து, ஒரே படமாய் வெளியே எடுக்க விட்டுவிட்டுச் சமைத்து, சாப்பிட்டு, சட்டி பானை கழுவி வந்து பார்த்தாலும் பாதி கூடப் போயிராது. உள்ளே விசிறி மட்டும் பேய் பிடித்தது போலக் கத்தும். நானாட்டானில் ஒரு கலியாண வீட்டுக்காரர் தினமும் போன் எடுத்து, "இன்னும் முடியேல்லையோ பிள்ளை?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அன்ரோனெற்றுக்கு மானம் போனது.

அந்தக் கிழமைதான் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். மெசின் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று எங்கே பார்ப்பது என்று யாரோ சொல்லிக்கொடுத்தான். பார்த்தாள். இரண்டு தசம் ஒன்று. அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தாள். ஐந்து தசம் இரண்டு. திரும்பவும் திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் தலைக்கு விறுவிறுவென்று ஏறியது. "மடுமாதா அறிய, போலிச் சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டான்!" என்று எழும்பினாள்.

சிங்கராசா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு அன்ரோ, ஒருக்காப் போன் எடுத்துக் கேட்டுப் பாரன்" என்றார். அவள் அதற்குள் படலையைத் தாண்டிவிட்டாள்.

அன்றைக்குக் கடையில் நல்ல சனம். தாயும் மகளுமாய் இரண்டு பேர் கம்பஸுக்குப் படிக்கக் கொண்டுபோக லப்ரொப் ஒன்று தெரிவு செய்து, கிட்டத்தட்டக் கையில் எடுத்துவிட்டார்கள். அன்ரோனெற் வாசலில் நின்றே தொடங்கினாள்.

"தம்பி! நீர் எனக்கு வித்தது என்ன சாமான்? பெட்டியில அஞ்சு, உள்ளுக்க ரெண்டு! ஆரை ஏமாத்துறீர்? நான் என்ன படிக்காத முட்டாளெண்டு நினைச்சீரோ?"

"அக்கா, கொஞ்சம் இருங்கோ, என்ன நடந்ததெண்டு..."

"இருக்க வரேல்லை நான்! இந்தக் கடையில இருக்கிறதெல்லாம் போலி. பிள்ளையள், வாங்காதேங்கோ. கள்ளக் கடை!"

பவ்ஸானின் காது மடல் சிவந்திருந்தது. அந்தத் தாய் மகளின் கையைப் பிடித்தாள். லப்ரொப்பை மேசையில் வைத்துவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். "நான் வீட்டை வந்து பாக்கிறன் அக்கா" என்று மட்டும் சொன்னான் அவன். "வாரும், வந்து பாரும்!" என்று சொல்லிவிட்டு அன்ரோனெற் திரும்பி நடந்தாள். பாரம் இறங்கின மாதிரி அவளுக்கு இருந்தது, உள்ளதைச் சொல்லியாயிற்று என்று.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பவ்ஸான் மோட்டார் சைக்கிளில் கீரிக்கு வந்தான். அன்ரோனெற் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவன் முதலில் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். காற்று உள்ளே போகிற வலையின் மேல் ஒட்டுகிற செலோரேப், ஒரு சின்ன ஓட்டை கூட இல்லாமல், வரிவரியாக.

"இது ஆர் அக்கா ஒட்டினது?"

"நான்தான். சோளகக் காத்துத் தொடங்க மண் உள்ளுக்குப் போகுமெல்லோ? வீட்டுக்குள்ள சோத்துக் கோப்பைக்குள்ளயே மண்."

அவன் பக்கத் தகட்டைக் கழற்றினான். புறோசசருக்கு மேல் இருக்கிற, சூட்டை இழுத்து வெளியே விடுகிற தகடுகள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தலைமயிர் அடைந்த சீப்பு மாதிரி, பின்பக்க இடுக்குகளால் புகுந்த தூசும் மண்ணும் சாம்பல் நிறத்தில் களியாய் அப்பிக் கிடந்தது. விரலால் தொட்டான். வழுக்கியது. மூக்கடியில் பிடித்தான்.

"அக்கா, இது கிறீஸ். வள்ளத்து எஞ்சினுக்குப் போடுற கிறீஸ்."

கதவடியில் நின்ற சிங்கராசா தொண்டையைச் செருமினார். "அது... நான்தான் தம்பி."

கீரியில் சோளகக் காற்றென்றால் விளையாட்டில்லை. உப்பும் மண்ணும் சேர்ந்து வந்து இரும்பைத் தின்னும். அதனால் காற்றுத் தொடங்க முதல் வீட்டுக்கு வீடு கிறீஸ் பேணி திறபடும். எஞ்சின், சைக்கிள் செயின், கேற் பூட்டு, தையல் மெசின், யன்னல் கொளுக்கி எல்லாவற்றுக்கும் பூசுவார்கள். கோயில் மணியின் சங்கிலியையும் விடமாட்டார்கள். சிங்கராசா அந்த வேலையில் படு நறுவிசு. அவருடைய எஞ்சினில் ஒரு துளி கறள் கிடையாது.

அன்ரோனெற் வாயைத் திறந்தாள். வரப்போவது என்னவென்று தெரிந்தும் சிங்கராசா அசையவில்லை.

"நீதானே சொன்னனீ" என்றார் மெல்ல. "இரும்பு தகரம் எண்டு இருக்கிற எல்லாத்துக்கும் பூசுங்கோ, என்ர மெசினையும் விட்டிடாதேங்கோ, அது கறள் பிடிச்சால் என்ர உயிர் போயிடும் எண்டு. நான் ஒரு தகடு விடாமப் பூசினனான் அன்ரோ. நீ கோயிலுக்குப் போன நேரம், ஒரு மத்தியானம் முழுக்க. சின்னத் தூரிகையால."

அன்ரோனெற் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொன்னவள் அவள்தான். நன்றாக ஞாபகம் இருந்தது.

பவ்ஸான் தகடுகளைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். சிங்கராசா கூட நின்று தண்ணீர் வார்த்தார். வெயிலில் காய வைத்து, புறோசசரில் ஒட்டியிருந்த பழைய களியைத் துடைத்து, அதன் மேல் ஒரு குழாயிலிருந்து பயறளவு சாம்பல் நிறக் களி வைத்தான். சிங்கராசா ஆவலாய்க் குனிந்து, "இதுவும் கிறீஸ் மாதிரித்தானே தம்பி இருக்கு?" என்றார்.

"இது சூட்டை மேல கடத்துறதுக்கு அண்ணை. இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். அண்ணையைக் கும்பிட்டுக் கேக்கிறன், அந்தப் பேணியை இஞ்சால கொண்டு வராதேங்கோ" என்றான் அவன். முதல் தடவையாகச் சிரித்தான்.

தகடுகளைத் திரும்பப் பூட்டி, செலோரேப்பையும் உரித்துவிட்டு மெசினைப் போட்டார்கள். திரையில் இலக்கம் ஐந்து தசம் இரண்டைத் தொட்டது. அன்ரோனெற் வீடியோவை வெளியே எடுக்க விட்டாள். இலக்கம் நான்கு தசம் நான்குக்கு இறங்கி அங்கேயே நின்றது. அவளுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீரோ! இப்பவும் குறையுதுதானே!"

"குறையும் அக்கா. உள்ளுக்க எட்டுப் பேர் வேலை செய்யினம் எண்டு வையுங்கோ. ஒருத்தன் மட்டும், சூடில்லாத நேரம், கொஞ்ச நேரத்துக்கு ஓடினால்தான் பெட்டியில இருக்கிற இலக்கம் வரும். எட்டுப் பேரும் சேர்ந்து ஓடேக்க கறண்டும் பங்கு, சூடும் பங்கு. அப்ப எல்லாரும் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுவினம். நாலு தசம் நாலு இதுக்கு நல்ல வேகம். சூடு கூடினால் தான் எரிஞ்சு போகாமத் தன்னைத் தானே குறைச்சுக்கொள்ளும். இவ்வளவு நாளும் உங்கட மெசின் அந்த ரெண்டில நிண்டு உயிர் தப்பியிருக்கு."

"அப்ப ஏன் பெட்டியில அஞ்செண்டு கொட்டை எழுத்தில போடுறாங்கள்?"

அவன் பெட்டியைத் திருப்பிக் காட்டினான். இலக்கத்துக்கு முன்னால் எறும்பளவு எழுத்தில், அதிகபட்சம் அவ்வளவு வரை போகலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "விக்கத்தான் அக்கா. நானும் அந்த இலக்கத்தைக் காட்டித்தான் உங்களுக்கு வித்தனான். இந்தச் சின்ன எழுத்தையும் வாசிச்சுச் சொல்லியிருக்க வேணும். என்னிலயும் பிழை இருக்கு."

இதை அவன் மனதாரத்தான் சொன்னான். அன்ரோனெற் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். பழைய அன்ரோனெற் என்றால், 'அதைத்தானே நானும் சொன்னனான்' என்று எழும்பியிருப்பாள். அன்றைக்கோ குசினிக்குள் போனாள். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போட மறந்துபோனாள். அவன் அதைக் கடைசித் துளி வரை குடித்தான்.

"கடை எப்பிடித் தம்பி போகுது?" என்று கேட்டார் சிங்கராசா.

"போகுது அண்ணை" என்றான் பவ்ஸான். பிறகு சாமான்களை எடுத்து வைப்பதில் குனிந்துகொண்டான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்த பிறகு சிங்கராசா சொன்னார்: "ஒண்டும் போகேல்லை அன்ரோ. மீன் சந்தைக்குள்ளயும் அதுதான் கதை, போலிச் சாமான் கடையெண்டு. நான் அப்பிடி இருக்காதெண்டு சொல்லிப் பாத்தனான். கீரி அன்ரோனெற் சும்மா சொல்லமாட்டா எண்டு என்ர வாயையே மூடிப்போட்டாங்கள்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னாக் கேப்பியே?"

அன்ரோனெற் குசினிக்குள் போய் நின்றாள். அழுகை வந்தது. அடக்க நினைக்கவும் இல்லை. கத்தின குரலை நினைத்தால் அவளுக்கே கூசியது. போன் எடுத்து மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். ஊர் கேட்கக் கத்திவிட்டு, மன்னிப்பை மட்டும் காதுக்குள் சொன்னால் அது என்ன நியாயம்? கடைக்குப் போக வேண்டும். சனம் நிறைந்த நேரமாய்ப் பார்த்து, எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டாலும் பரவாயில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கடையில் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் நிற்பார்கள் என்று நல்ல சீலை உடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் இருந்தபடி, சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கடையில் ஒருவரும் இல்லை.

பவ்ஸான் மேசைக்குப் பின்னால் தனியே இருந்து, விற்காத பெட்டிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான். "என்ன அக்கா, மெசின் திரும்ப இழுக்கத் தொடங்கிட்டுதோ?"

"இல்லைத் தம்பி. அது பறக்குது." அவள் சுற்றிப் பார்த்தாள். "அண்டைக்கு லப்ரொப் பாத்த தாயும் மகளும்?"

"அவை வேற கடையில வாங்கிப்போட்டினமாம். பரவாயில்லை அக்கா, விடுங்கோ. நாள் போகச் சரிவரும்."

வெட்கப்பட ஆயத்தமாய் வந்தவளுக்கு, வெட்கப்பட ஒரு சனம் இல்லை. அவள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் காண, போட்டாள்.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்? வேண்டாம் அக்கா."

"நீர் உம்மட வேலையைப் பாரும் தம்பி." தெருவைப் பார்த்துக் குரலைத் திறந்தாள். "இஞ்ச வாங்கோ! நான் கீரி அன்ரோனெற். இந்தக் கடையைப் போலியெண்டு கத்தினது நான்தான். அது பொய். காத்துப் போற வழியை அடைச்சு, கிறீஸ் பூசி, மெசினைக் கெடுத்தது நாங்கள். சாமான் நல்ல சாமான். பிழை என்னில!"

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெட்டையள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் படி ஏறவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். வெயில் ஏறியது. திரும்பவும் சொன்னாள். கடைசியில் சைக்கிளில் போன ஒரு மனிசன் காலை ஊன்றி நின்று, அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இப்பிடிச் சொல்ல அவன் உனக்கு எவ்வளவு தந்தவன்?" என்று கேட்டான்.

கள்ளன் என்று அவள் ஒருக்காச் சொன்னதை ஊர் முழுக்க நம்பியது. இப்போது கத்தக் கத்த ஒரு ஆள் நம்பவில்லை. வேறொரு நாள் என்றால் அந்த மனிசன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடியிருப்பான். அன்ரோனெற்றுக்குக் கண் நிறைந்தது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்டும் தரேல்லை அண்ணை" என்றாள், அவளுக்கே கேளாத குரலில். பிறகு கதிரையை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கமாய் இழுத்துப் போட்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கி வருகிற சனத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.