அக்கா நாலாம் பிறை காட்டிய கதை

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நிலாவைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. மூன்றாம் பிறையைப் பார்த்தால் நல்லது, நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு. இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று, அக்கா தொலைநோக்கியோடு வந்து இறங்கும்வரை நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

அக்கா பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையில் தோட்டமே வாயைப் பிளக்கும்படி தேறியிருந்தாள். பதுளை டவுனில் உயர்தரம் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் கொழும்பில் துணிக்கடையில் நின்ற சித்தப்பா அதே கடையில் அவளுக்கும் வேலை பேசி வைத்துவிட்டார். அப்பாவும் சரி என்று தன் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்கா அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. போவதற்கு முன்னால் லயத்து ஆட்களுக்கு ஒரு தடவை நிலாவைக் காட்டவேண்டும் என்று டீச்சரிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கியை வாங்கிவந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் போனால் அவளுடைய தலையணை எனக்குத்தான் என்பதில் உள்ளூர எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒன்றரை முழ நீளத்தில் வெள்ளைக் குழாய். முன்னால் பெரிய வில்லை, பின்னால் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன வில்லை. குழாயை ஒரு வளையம் பிடித்திருந்தது. அந்த வளையம் முக்காலியின் தலையில் உட்கார்ந்து பக்கவாட்டிலும் திரும்பும், மேலும் கீழும் சாயும். லயத்தில் அதற்கு உடனே பீரங்கி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அன்று மூன்றாம் பிறை. ஸ்பிரிங்வெளி மலைக்கு மேலே கீற்றாக நின்றது. லயமே முன்னால் திரண்டது. அக்கா பிறையைப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாள். பீரங்கி மெல்லத் தலையைத் தொங்கப் போட்டது. முதல் ஆளாகக் கண்ணை வைத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஐயோ, நிலாவுலயும் தேயிலதான் போட்டிருக்கான்" என்றார். எதிர்மலைத் தேயிலைச் செடிகள்தான் அவருக்குத் தெரிந்தன. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா முக்காலித் தலையில் இருந்த திருகாணியை இறுக்கினாள். இறுக்கினால் குழாய் அசைய மறுத்தது. பலமாகத் தள்ளினால் ஒரே எட்டில் பிறையைத் தாண்டிப் போனது. இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிறை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆட்கள் கலைந்தார்கள். அக்கா குழாயைத் துணியில் சுற்றினாள்.

சனிக்கிழமை அம்மா கொழுந்து பறிக்கவும் அப்பா ஸ்டோருக்கும் போனார்கள். தேயிலை அரைக்கும் ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அக்காவும் நானும் பீரங்கியும் மட்டும். திருகாணியை இறுக்குவதை அக்கா விட்டுவிட்டாள். அதை முழுக்கத் தளர்த்தி, வளையத்துக்குள் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினாள். ஒரு இடத்தில் அது இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. தன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினாள். பிறகு முன்மூடியைக் கழற்றி, பின்னால் சின்ன வில்லையை மாட்டினாள். உடனே குழாயின் பின்பக்கம் தொப்பென்று இறங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கழற்றிய மூடியையும் மாட்டிய வில்லையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூடியோட நிறுத்தி என்னாத்துக்கு? பாக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே வச்சில்ல நிறுத்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாட்டவேண்டியதை மாட்டியபடியே, குழாயை இரண்டு விரல் அகலம் முன்னால் நகர்த்தினாள். அடுத்து நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. குழாயை வானத்துக்குக் காட்டிக் கையை எடுத்தாள். நின்றது. தரைக்குக் காட்டி எடுத்தாள். நின்றது. திருகாணியில் பிடிமானம் என்று ஒன்றுமே இல்லை. ஒற்றை விரலால் தொட்டால் போகும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். என்னையும் தொடவிட்டாள். அவ்வளவு பெரிய சாமான் என் சுண்டுவிரல் பேச்சைக் கேட்டது. அப்படி யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

பின்னேரம் லயத்துக்கு முன்னால் முக்காலியை நிறுத்திக் காத்திருந்தோம். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்று நாலாம் பிறை. பெரியம்மா வாசலில் நின்று தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு ஊருக்குப் போற புள்ள, இன்னைக்கா அதப் பாக்கணும்?" என்றார். அம்மா என்னை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார். முன்மூடியைப் பிடித்துக்கொள்ளும் பெரிய பொறுப்பு என்னிடம் இருந்ததால் நான் போகவில்லை. அக்கா வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேறு நாள் கிடையாது.

அப்பா வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் இஸ்தோப்பில் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா யாருக்காகவோ இல்லாமல், தன்பாட்டில் குழாயை ஒற்றை விரலால் உயர்த்திப் பிறையில் நிறுத்திக் கையை எடுத்தாள். பிறை நகர நகர, நூலளவு தொட்டுத் தொட்டு அதன் பின்னால் போனாள். அப்பா இறங்கி வந்தார். "நான் பாக்கவா புள்ள?" என்று கேட்டார். அவர் எங்களிடம் எதற்கும் அனுமதி கேட்டு நான் கண்டதில்லை.

அப்பா குனிந்தார். முக்காலியின் காலடியில் குந்தியிருந்த எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவருடைய இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, லயம் முழுவதற்கும் கேட்கும்படி, "தெரியுது, நல்லாத் தெரியுது. எல்லாரும் வந்து பாருங்க" என்றார்.

அப்பாவே பார்த்துவிட்டார் என்றதும் பயம் தெளிந்துவிட்டது. பெரியம்மாதான் முதலில் ஓடிவந்தார். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என் முறை வந்தது. கீற்று என்று நான் நினைத்திருந்தது ஒரு பெரிய உருண்டையின் ஓரம். அந்த ஓரமெல்லாம் குழிகள், மலைகள். மலைகளுக்குப் பக்கத்தில் கருப்பாக நிழல் விழுந்திருந்தது. வெளிச்சம் படாத மீதி நிலாவும் மங்கலாக, தூங்குகிற ஆள்போல அங்கேயே இருந்தது. இவ்வளவு நாளும் இது முழுசாக நம் தலைக்கு மேலே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அன்று ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பீரங்கி ஒரு தடவைகூடத் தலையைத் தொங்கப் போடவில்லை.

மறுநாள் சித்தப்பா வந்தார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அப்பா சொன்னார்: "புள்ள படிக்கட்டும்டா. நான் குடுத்த வாக்கத் திருப்பி எடுத்துக்கிறேன்."

சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. முதலாளியிடம் என்ன சொல்வது என்று கத்தினார். முந்தின நாள் கதையைப் பெரியம்மா சொல்லிக் கேட்டிருப்பார்போல. "நாலாம் பிறையப் பாத்தா இப்படித்தான் அண்ணே புத்தி கெட்டுப்போகும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு எந்தத் தோஷமும் கிடையாது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? நான் முன்னால் போய் நின்று, "அப்பா நாலாம் பிறையப் பாக்கவே இல்ல சித்தப்பா! கண்ண இறுக்க மூடிக்கிட்டுத்தான் நின்னாரு. நான் பாத்தேன்" என்றேன்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. சித்தப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பின்னால் போய்ப் பார்த்தால், கொழும்புக்குப் போகச் சொன்ன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு பாடுபட்டு நிறுத்திய குழாயில் அப்பா பார்க்கவே இல்லையே என்ற கோபம்தான் என்று நினைத்தேன்.

"அழாதக்கா, அடுத்த தடவ மூணாம் பிறையா பாத்துக் காட்டு. அப்பா கண்ணத் தொறந்து பாப்பாரு" என்று சமாதானம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள்.