வேட்டு நின்ற இடம்

பெரியம்மாவின் பாடையை ஊர்த் தெரு நிலக்காரர் வீட்டு கேட் முன்னால் இறக்கி வைத்தபோது காலை பதினொரு மணி இருக்கும். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை அவர் மதில் கட்டி அடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாலுகா ஆபீசில் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. பாதையைத் திறக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தோம்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலையைத் தோண்டும் பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியோடு அவர் வராந்தாவுக்கு வந்தார். அந்தக் கொல்லையில் அப்பா இருபது வருஷம் வேலை செய்தவர். மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார் அவர்.

சித்தி உட்கார்ந்தபடியே கேட்டாள்: “ஏற்கெனவே செத்துப் போனவள எத்தினி தபாங்க சுடுவீங்க?”

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். சமாதானம் பேச அப்பா கைகூப்பியபடி எழுந்து கேட்டை நோக்கி இரண்டடி வைத்தார். அவர் சுட்ட ரவைகள் அப்பாவின் வலது முழங்காலில் பாய்ந்தன. பெரியம்மாவை அன்று வரப்பு வழியாகவே தூக்கிப் போனார்கள். அப்பாவை விழுப்புரத்துக்கு ஏற்றிப் போனோம்.

ஸ்டேஷனில் புகாரை எழுதித் தர ஆள் இருந்தது. நானே எழுதுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். தற்காப்பு உரிமை பற்றிய பிரிவுகள் எனக்கு மனப்பாடம். நான்கு பக்கம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். “மேளம் முழங்க, வேட்டு வெடித்து, ஊர்வலமாகச் சென்று அவர் வீட்டின் முன் அமர்ந்தோம்” என்று ஒரு வரி.

எங்கள் சாவுக்கு மேளமும் வேட்டும் காலனி எல்லையில் இருக்கும் தண்ணீர் டேங்கோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் ஊர்த் தெரு. அங்கே சத்தமில்லாமல்தான் போவோம். அன்றும் அப்படித்தான் போனோம். அதை எழுதக் கை வரவில்லை. இவ்வளவு படித்தும் இன்னும் டேங்கோடு நிறுத்துகிறோம் என்று என் கையெழுத்திலேயே எப்படி எழுதுவது?

திண்டிவனம் கோர்ட்டில் அவருடைய ஜாமீன் மனு வந்தது. அப்பா ஊன்றுகோலோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலக்காரருடைய வக்கீல் என் வரியைத் தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். வாசலில் கூட்டம், வெடிச் சத்தம், வீட்டுக்குள்ளே பெண்கள். உயிருக்குப் பயந்து சுட்டார், அது அவர் உரிமை. நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கிய விடை அது. ஜாமீன் கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் அப்பா காலை நீட்டிக்கொள்ள இடம் பிடித்தேன். ஊன்றுகோலை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கேட்டார்.

“அந்த வக்கீலு படிச்சது நீ எழுதனது தான?”

“ஆமாம்பா.”

“அவுரே படிச்சிட்டாரு பாரு. இன்னொரு தபா படி, கேக்கறேன்.”

பையிலிருந்து நகலை எடுத்துப் படித்தேன். அந்த வரி வந்ததும் அப்பா கையைத் தூக்கினார்.

“டேங்காண்டயே வேட்ட நிறுத்திட்டமே. அது எங்கமா?”

அந்த வரி உள்ளே போகும்படி பேப்பரை மடித்தேன்.