மைனஸ் மூன்றில் ஒரு பாட்டு

ஒரு சனிக்கிழமை மாலை, புதுவாயல் கூட்டுச்சாலைக்குப் பக்கத்து ஓட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், விட்ட பாட்டைச் சரணத்திலிருந்து எடுத்தேன். உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் குரலுக்குப் பதில் வெறும் காற்று வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். முன்மேஜைக்காரர் பிரியாணிக் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்தார்.

"பாட்டு எங்கயும் போவாது, பிரியாணி ஆறிடும், துன்னுங்க" என்று மைக்கில் சொல்லிச் சமாளித்தேன். கூட்டம் சிரித்தது. கீபோர்டு வாசித்த என் கணவர் தயாளன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே ஏதோ திருட்டுத்தனம் நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. இருபது வருடம் குடித்தனம் நடத்தியதில் இந்த அளவுக்காவது தேறியிருக்கிறேன்.

கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால், வாசிப்பவர் விரலை மாற்றாமலே பாட்டின் சுருதி இறங்கும். சின்னத் திரையில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று எண் தெரியும். என் குரல் கெடத் தொடங்கியதை என்னைவிட முன்னால் கண்டுகொண்ட தயாளன், என்னிடம் சொல்லாமல் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நானோ, தொண்டை இப்போதெல்லாம் நன்றாக ஒத்துழைக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் வந்ததில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. அவசரத்தில் மனிதர் மறுபடி இறக்க மறந்துவிட்டார்.

மறுநாள் காலை நாஷ்டா தட்டை அவர் முன் வைத்துவிட்டு, எத்தனை நாளாக இந்த வேலை என்று கேட்டேன்.

"பொங்கல்லேர்ந்து" என்றார். அப்போது ஆனி மாதம் பிறந்திருந்தது. "நீ பயந்துருவேன்னுதான் சொல்லல."

"இப்ப மட்டும் இன்னா, டான்ஸா ஆடிக்கினு இருக்கேன்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுருதியைக் குறைத்ததற்காக இல்லை. என் தொண்டையைப் பற்றிய சேதி என் தொண்டைக்கு மட்டும் தெரியாமல் போனதற்காக.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊத்துக்கோட்டையில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் டூயட் பாட வந்தேன். அங்கே கீபோர்டு வாசித்தவரையே கட்டிக்கொண்டேன். மற்றவர்களின் பாட்டை மற்றவர்களின் குரலில் பாடி அலுத்துப்போய், நானே எழுதி, அவர் மெட்டமைத்து, மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாட ஆரம்பித்தேன். ஓட்டல் முதலாளி எங்கோ பார்த்துவிட்டு வாசலில் 'கேபரே நைட்' என்று போர்டு வைத்தார். முதல் வாரம் ஆட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள், பட்டுப்புடவையில் வந்து அவர்கள் தொப்பையைப் பற்றிப் பாடிய என்னைக் கண்டு திகைத்துப்போனார்கள். ஆனாலும் அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தார்கள்.

இது போக, ஆயுதபூஜைக்குத் தொழிற்சாலைகளில் பாடுவோம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்குப் பதினோரு வருடமாகப் போகிறோம். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்தக் கம்பெனிக்கென்றே ஒரு புதுப் பாட்டு. மிஷின், மேனேஜர், கேன்டீன் சாம்பார் எல்லாரும் அதில் மாட்டுவார்கள்.

திருவள்ளூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். கண்டிப்பான பெண்மணி. மூக்கு வழியாக லாரிங்கோஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டு என் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட உறுப்பை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள். ஒன்றின் ஓரத்தில் மிளகளவு சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாலிப் (சதைத் திரட்சி) மாதிரி இருக்கிறது, எடுத்து பயாப்ஸிக்கு (புற்றா என்று சதையைச் சோதிப்பது) அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

இதுவரை என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மிளகு மென்றேன், சுக்குக் கஷாயம் குடித்தேன், ஓட்டல் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னாரென்று பிராந்தியில் தேன் கலந்து கொப்பளித்தேன், ஒரு வாரமாகப் பேச்சைக் குறைத்துக் கிசுகிசுவென்றுதான் பேசுகிறேன் என்று வரிசையாக ஒப்பித்தேன்.

"கிசுகிசுன்னு பேசறது தொண்டைக்கு ஓய்வு இல்லம்மா. அதுவும் சிரமந்தான். பேசாம இருக்கணும்னா வாயே திறக்கக்கூடாது" என்றார்.

பழைய மாதிரி பாட முடியுமா என்று கேட்டேன். பாடலாம், ஆனால் அந்த உச்சம் திரும்பி வருமா என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அந்த நேர்மைக்காக இன்றைக்கு அவரைக் கும்பிடுகிறேன். அன்றைக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆயுதபூஜைக்கு மூன்று மாதம் இருந்தது. பாடாவிட்டால் நான் யார் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடிய ஒரே கேள்வி.

அறுவை சிகிச்சை மயக்கத்திலேயே முடிந்தது. வாய் வழியாகவே எடுத்துவிட்டதால் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதன்பின் ஒரு வாரம் முழு மௌனம். இருபது வருடத்தில் எங்கள் வீட்டில் தயாளன் தொடர்ந்து பேசியது அந்த வாரம்தான். என் கையில் நோட்டு. அவர் கேட்கும் கேள்விக்கு நான் எழுதி முடிப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுவார். பல சமயம் தப்பான பதில். தண்ணீர் கேட்டால் போர்வை வந்தது.

பயாப்ஸி முடிவு வரும் வரை இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அனுமதி இல்லை, அவருக்குத் தைரியம் இல்லை. புற்று இல்லை என்று டாக்டர் போனில் சொன்னதும் அவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். நான் நோட்டில் 'சோப்பு தீர்ந்துவிடும்' என்று எழுதிக் காட்டினேன்.

பிறகு குரல் பயிற்சி. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து ஊதியபடி முனக வேண்டும். நாற்பத்தாறு வயதில் ஊதி ஊதிக் குமிழி விட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பாடிப் பார்த்தேன். கீழே குரல் சுத்தமாக இருந்தது. மேலே ஓர் இடத்துக்கு அப்பால் கதவு சாத்தியிருந்தது. தயாளன் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக, இந்த முறை உரக்கச் சொல்லிக்கொண்டே இறக்கினார். மைனஸ் மூன்றில் என் குரல் சௌகரியமாக உட்கார்ந்தது.

அந்த வருடத்துப் பாட்டை மௌன வாரத்திலேயே நோட்டில் எழுதியிருந்தேன்.

ஷிஃப்டு முடியும் நேரம் பாத்து மழை வரும் ராசா,
ஷேர் ஆட்டோல எடம் கெடச்சா நீதான் மகராசா.

ஆயுதபூஜையன்று தேர்வாய் கண்டிகையில் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பாட்டைத் தொடங்கியதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. இரண்டாம் சரணத்தில், குஷியில் ஆடிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் கால் பட்டு கீபோர்டின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. சத்தம் நின்றது. ஒயரைச் சொருகினார்கள். திரையில் எரிந்த எண்ணைத் தயாளன் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அவர் மைக்கை இழுத்தார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "கஸ்தூரி, இரு. ஜீரோல நிக்குது. எவ்ளோ வெக்கட்டும்?" என்றார்.

"மைனஸ் மூணு. பொறுமையா வை, எனக்கு இன்னா அவசரம்?" என்றேன்.

முன்பெல்லாம் மேடையில் ஒரு நொடி சும்மா நின்றால் எனக்கு உயிர் போய்விடும். எதையாவது பேசி அதை நிரப்புவேன். அன்று வாயை மூடி, இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு சின்னத் துடிப்பு இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கூட்டமும் காத்திருந்தது.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகை மெல்லாமல் டாக்டரைப் பாருங்கள். உங்களுக்காகச் சுருதியைக் குறைப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள்.

பட்டனை மூன்று முறை அமுக்கிவிட்டுத் தயாளன் தலையாட்டினார். நான் மூச்சை நிறைய இழுத்து, விட்ட சரணத்தை முதலிலிருந்து எடுத்தேன்.