எழுதாத மருந்து

டெய்ன்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோட்டயத்தில் பதினாறு வருடமாக நர்ஸ். அயர்லாந்து போவதற்கான தேர்வில் பேச்சு, எழுத்து, கேட்டல் மூன்றையும் முதல் தடவையிலேயே முடித்துவிட்டாள். வாசிப்பில்தான் இரண்டு முறையும் முந்நூற்று நாற்பதில் நின்றுபோனாள். இன்னும் பத்து மதிப்பெண் வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன டப்ளின் மருத்துவமனை ஜூன் வரைதான் காத்திருக்கும். கணவர் ரோயிச்சனோ இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி, கோட்டயத்து வெயிலில் அந்துருண்டை போட்டு அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவள் அவற்றைப் பின்னால் தள்ளிவிடுவாள்.

அவளுடைய வியாதி என்னவென்று பயிற்சி நிலையத்து ஆசிரியை அஞ்சிதா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். இருபத்து நாலு வயதுப் பெண். ஊசியைக் கண்டால் மயங்கி விழுவாள். ஒருநாள் மாதிரித் தேர்வில் படுக்கைப்புண் பற்றிய பத்தி வந்தது. ஒருவகைச் சிறப்பு மெத்தையில் கிடக்கும் நோயாளியை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கலாம் என்று அச்சடித்திருந்தது. டெய்ன்சி இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாள்.

"சேச்சி, ரெண்டுன்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதலைன்னா என்ன? நாலு மணி நேரம் விட்டா முதுகு என்னத்துக்கு ஆகும்னு எனக்குத் தெரியும்."

பின்வரிசை நர்ஸுகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அஞ்சிதா அந்த விடையைச் சிவப்பு மையில் சுழித்தாள். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே டெய்ன்சி இதைச் சொல்லிப் பொருமினாள். ரோயிச்சனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தாள்ல படுத்திருக்கிற ஆளு உன் வார்டு நோயாளியா? நீ ஏன் அவனைத் திருப்பிப் போடுற?"

அவர் சொன்னது சுட்டது; கிழங்கை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஆனாலும் பழக்கம் விடுமா? அடுத்த பத்து மாதிரித் தேர்விலும் தாளைத் திருத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலை டியூட்டியில் அது நடந்தது. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், நடந்தபடியே ஆறாம் கட்டிலுக்கு ஓர் ஊசியைச் சொல்லிவிட்டுப் போனார். அது சரியான மருந்து என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நோயாளியின் தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"எழுதிக் கொடுங்க டாக்டர். தாள்ல இல்லாததை நான் போடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் கையெழுத்திட்டுத் தாளை நீட்டியதுகூட உறைக்கவில்லை. பதினாறு வருடமாக இதைத்தானே செய்கிறாள்! எவ்வளவு தெரிந்திருந்தாலும், எழுதாத மருந்தை அவள் கை தொட்டதில்லை. அஞ்சிதாவும் இதைத்தானே கேட்டாள்?

தேர்வு அறையில் டெய்ன்சி ஒவ்வொரு விடைக்கும் வரியில் விரலை வைத்தாள், மருந்துச் சீட்டில் வைப்பதுபோல. காயத்துக்குக் கட்டுப் போடும் பத்தி ஒன்று வந்தது. சுத்த அபத்தம். கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எழுதியிருந்ததையே எழுதிவிட்டு வந்தாள்.

முடிவு வந்த அன்று கைபேசியைத் திறக்க அவளுக்குத் தைரியமில்லை. ரோயிச்சன்தான் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"முந்நூத்தி எண்பது. ஜெயிச்சுட்டே டெய்ன்சி."

அவள் நம்பவில்லை. அவர் வாயால் சொன்னால் போதுமா?

"எங்க எழுதியிருக்கு இச்சாயா? காட்டுங்க."

அவர் திரையை நீட்டினார். அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, ஒருமுறை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அப்புறம்தான் அழுதாள்.