ஏலக்காய்க் கடைத் தளத்தில் பழசாகிப்போன தொகுப்புகள்

இத்தனை நாள் நான் ஏன் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை? போடியில் மாமனார் நடத்தும் ஏலக்காய்க் கடைக்கு இணையதளம் செய்தது நான்தான். மகள் பிறந்த பிறகு, அது பாட்டுக்கு ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அது இயங்க நான் சேர்த்திருந்த, பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளைச் சோதித்தேன். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கைகள். பதினேழு தொகுப்புகள் காலாவதியாகியிருந்தன. ஒன்றிலிருந்த ஓட்டை வழியாக வாடிக்கையாளர்களின் முகவரிகளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உடனே மாமனாரிடம் ஓடினேன்.

“மாமா, உள்ள எல்லாம் பழசாயிருச்சு!”

“பழைய காய எவன்த்தா கலந்தது? கடை பேரே போயிருமே!” என்று அவர் குடோனுக்கு ஓடினார். நான் கணினிக்குத் திரும்பினேன்.

தளத்தின் நகல் ஒன்றில் தொகுப்புகளைப் புதுப்பித்துப் பார்த்தேன். ஆர்டர் பக்கம் திறக்கவில்லை. தளத்தை மூடிவிட்டுச் சரிசெய்யட்டுமா, ஓடவிட்டபடியே ஒவ்வொன்றாக மாற்றட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.