பொட்டு வைத்த சூரியப் பலகை

மரகதத்தின் கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் வீட்டில் ஏதோ ஒன்று பிரிந்து கிடக்கும். கல்யாணமாகி வந்த மாதமே புருஷன் தணிகாசலத்தின் அலாரம் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். ஏன் பிரித்தாய் என்று அவன் கேட்டதற்கு, உள்ளே மணி அடிக்கிறது யார் என்று பார்க்கத்தான் என்றாள். திரும்பப் பூட்டியபோது ஒரு குட்டிச் சக்கரம் மிச்சமாகிக் கையில் நின்றது. ஆனாலும் கடிகாரம் ஓடியது. தணிகாசலத்துக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. இந்தச் சக்கரம் இல்லாமலே ஓடுகிறது என்றால் இதை எதற்கு வைத்தார்கள் என்று கேட்டுக்கேட்டு அவனை ஒருவழி பண்ணிவிட்டாள்.

அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மறைமலை நகர் பக்கம், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள். நீளப் பலகை நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொருத்தியும் தன் ஒயரைப் பொருத்தி அடுத்தவளுக்கு விட வேண்டும். ஒருத்தி கை நின்றால் லைன் மொத்தமும் நிற்கும். அதனால் தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் நகர முடியும். தணிகாசலம் அதே ரோட்டில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினான்.

அவர்கள் வீடு மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் போகிற வழியில், ஏரியை ஒட்டி இருந்தது. ஹாலோ பிளாக் சுவர், சிமென்ட் ஷீட் கூரை. கொத்தனாருக்குக் கலவை ஆள் வைக்காமல் மரகதமே கலந்து கொடுத்துக் கட்டிய வீடு. பட்டா இல்லாத இடம் என்பதால் கரண்ட் இணைப்பு கிடைக்கவில்லை. சிம்னி விளக்கில் காலம் போனது. 2004ஆம் வருடம் ஆடி மாதம் ஒருநாள், பொழுது சாய்ந்த நேரத்தில் தணிகாசலம் வாசலில் கால் வைக்கப்போன இடத்தில் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. வைத்த காலை அப்படியே தூக்கிக்கொண்டான். அன்றே முடிவு சொல்லிவிட்டான்.

சுங்குவார்சத்திரத்தில் அவன் அண்ணன் பரசுராமன் வீட்டில் ஒரு பக்கத்து அறை காலியாக இருந்தது. ஃபேன் உண்டு, லைட் உண்டு, சிமென்ட் ரோடு உண்டு. அங்கே போய்விடலாம் என்றான். மரகதத்துக்கு அந்த வீடு தெரியும். ஓரகத்தி கெட்டவள் இல்லை. ஆனால் அங்கே இவள் சின்ன மருமகள். அடுப்பு பற்ற வைப்பதற்குக்கூட இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். ஒரு கடிகாரத்தைப் பிரித்தால் வீடு முழுக்கக் கூடி நின்று பார்க்கும்.

"தீபாவளிக்குள்ள வூட்ல வெளிச்சம் வரணும்," என்றான் தணிகாசலம். "வரலேன்னா அண்ணன் வூட்டுக்குப் போறோம். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது."

சரி என்று தலையாட்டினாளே தவிர, வெளிச்சத்துக்கு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் அவன் வேனையே சுற்றிச் சுற்றி வந்தாள். வேனுக்குள் ஒரு சின்ன ட்யூப்லைட் எரிந்தது. டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன் சுற்றியது. எந்தக் கம்பத்திலிருந்து அதற்கு ஒயர் வருகிறது? பேட்டரியிலிருந்து வருகிறது, பேட்டரியை இன்ஜின் நிரப்புகிறது என்றான் அவன். இன்ஜினுக்குப் பதில் வேறு ஏதாவது நிரப்பினால் பேட்டரி வேண்டாம் என்று சொல்லிவிடுமா என்று கேட்டாள். அவன் சாப்பிடப் போய்விட்டான்.

ஊர் பொதுத் தொலைபேசிப் பெட்டிக்கு மேலே பளபளவென்று ஒரு நீலப் பலகை சாய்ந்து நிற்பதை அவள் சின்ன வயதில் வேறு ஊரில் பார்த்திருந்தாள். வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகை என்று யாரோ சொன்னதும் நினைவிருந்தது. அந்த மாதிரி ஒன்று படப்பையில் கோதண்டத்தின் காயலாங்கடையில், உடைந்த சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றது. எங்கோ கழற்றிப் போட்டது. கோதண்டம் சுற்றியிருக்கும் அலுமினியச் சட்டத்துக்காக அதை வாங்கி வைத்திருந்தான். நல்லதா கெட்டதா என்று அவனுக்கே தெரியாது. மரகதம் புருஷனிடம் சொல்லாமல் கழற்றி வந்திருந்த டேஷ்போர்டு ஃபேனை எடுத்தாள். பலகையை வெயிலுக்கு இழுத்து, ஒயரைத் தொட வைத்தாள். ஃபேன் சுற்றியது. பலகையை நிழலுக்கு நகர்த்தினாள். நின்றது. மறுபடி வெயில், மறுபடி சுற்றல். கோதண்டம் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். சுற்றுகிறது என்று தெரிந்ததும் விலையை ஏற்றப் பார்த்தான். ஏற்றியும், ஒரு மிக்ஸி வாங்குகிற காசில் பாதிகூட ஆகவில்லை.

வாங்கியதும் அவள் செய்த முதல் காரியம் பலகையைத் திருப்பிப் பார்த்ததுதான். பிரிக்க வழியில்லை. ஒயர் வரும் சின்னப் பெட்டியைத் தவிர ஸ்குரூ என்று ஒன்று கிடையாது. முன்னால் கண்ணாடி, பின்னால் வெள்ளைத் தகடு, நடுவில் வரிசை வரிசையாக நீலக் கட்டங்கள். அவ்வளவுதான்.

தணிகாசலம் சிரித்தான். வெயிலில் துணி காயும், வடாம் காயும், லைட் எரியுமா என்று கேட்டான். வேனிலிருந்து எடுத்துப் போட்ட பழைய பேட்டரியையும் ட்யூப்லைட்டையும் மட்டும் மறுக்காமல் கொடுத்தான். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் சிவசங்கரிடம் மரகதம் யோசனை கேட்டாள். பகலில் உள்ளே வந்த கரண்ட் ராத்திரி பலகைக்கே திரும்பி ஓடிவிடாமல் இருக்க ஒருவழிக் கதவு மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லி, அவன் ஒரு சின்ன டயோடைக் கொடுத்தான். குளிக்கிற அறையின் மேல்தளத்தில் பலகையைச் சாய்த்துக் கட்டினாள். ஏணி வைத்தால் கைக்கு எட்டும் உயரம்.

ஆவணி கடைசியில் வீட்டில் ட்யூப்லைட் எரிந்தது. வாசல் தெரிந்தது, ஏரிக்கரைச் சரிவு தெரிந்தது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த தவளைகூடத் தெரிந்தது. தணிகாசலம் சுவிட்சைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான். புரட்டாசி முழுக்க அவன் வேலைக்குக் கிளம்பும்போது பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதை அவள் கவனித்தாள்.

ஆயுத பூஜை அன்று மரகதத்துக்குக் கம்பெனியில் வேலை. லைனைக் கழுவி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணி உடைத்து, பொரிப் பொட்டலத்தோடு சாயங்காலம் திரும்பினாள். வேன் வாழைக்கன்றோடு நின்றது. பம்பருக்கு, ஸ்டியரிங்குக்கு, கண்ணாடிக்கு என்று எல்லாவற்றுக்கும் தணிகாசலம் பொட்டு வைத்திருந்தான். அவள் தற்செயலாக மேலே பார்த்தாள். பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை, பட்டைக்கு நடுவே ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். வேன் ஓட்டுகிறவன் கை பெரியது, பட்டையும் ஒரு கட்டம் அளவுக்குப் பெரியது. வடாம் காயும் என்று சொன்னவன் ஏணி வைத்து ஏறியிருக்கிறான். அன்று பொரியில் நாட்டுச் சர்க்கரையை அவனுக்குக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் பயப்படவில்லை. ஐப்பசி பிறந்து மேகம் மூடியிருந்தது. வெயில் இல்லாவிட்டால் பேட்டரி எப்படி நிரம்பும்? ஆனால் மழை விட்டு வானம் பளிச்சென்று ஆன பிறகும் ட்யூப்லைட் சோறு ஆக்கி முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. சிவசங்கர் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கும் என்றான். ஊற்றினாள். ஒயர் முனை துருப்பிடித்திருக்கும் என்றான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தூசி படிந்திருக்கும் என்றான். தினமும் ஏறி ஈரத்துணியால் துடைத்தாள். காக்கை எச்சம், புழுதி, ரோடு போடும் இடத்திலிருந்து பறந்து வரும் சிமென்ட் எல்லாவற்றையும் துடைத்தாள். பொட்டுகளை மட்டும் தொடாமல், துணியைச் சுற்றி வளைத்துத் துடைத்தாள். பூஜைக்கு வைத்த பொட்டைத் தானாக உதிரும்வரை யாராவது அழிப்பார்களா? அதிலும் அது அவன் ஏறி வைத்த பொட்டு. மழை பெய்து பெய்து ஓரம் கரைந்தாலும், பழைய கண்ணாடியின் சொரசொரப்பில் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பரசுராமனிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, தீபாவளிக்குத் தலை முழுகுவது அங்கேதான். தணிகாசலம் வேன் டிக்கியில் மூட்டை கட்டக் கயிறு வாங்கிப் போட்டிருந்தான். "உன் பலகைக்கு வயசாயிட்சி மரகதம்," என்று மட்டும் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் கம்பெனியில் லைன் நின்றது. முடிந்த ஒயர்க் கட்டு கடந்து போகும்போது சரிபார்க்கும் மெஷின் ஒன்று உண்டு. பட்டாணி அளவில் சிவப்பாக ஒரு கண் அதில் இருக்கும். திடீரென்று எந்தக் கட்டு வந்தாலும் வரவில்லை என்று கத்த ஆரம்பித்தது. சூப்பர்வைசர் வந்தார், திட்டினார், போனார். சிவசங்கர் குனிந்து பார்த்துவிட்டு, சட்டை நுனியால் அந்தச் சிவப்புக் கண்ணைத் துடைத்தான். மெஷின் அடங்கியது. பூஜையன்று மெஷின் நெற்றியில் வைத்த குங்குமம் நாள்பட வழிந்து கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"கோயில்ல சாமிக்குக் கண்ணைத் தொறப்பாங்க," என்றான். "நீங்க மெஷினுக்குக் கண்ணை மூடுறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எதிரில் இருந்தவள், இன்னாக்கா, ஒயர விட்டுட்டியே என்றாள்.

ஆனால் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மெஷினின் கண் பட்டாணி அளவு. பலகையோ ஒரு ஆள் படுக்கும் பாயில் பாதி. அதில் ஐந்து பொட்டு எந்த மூலைக்கு? மீதி இடத்தில் அடிக்கிற வெயில் எங்கே போகிறது?

மறுநாள் அவளுக்கு வார லீவு. உச்சி வெயில். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டு ஃபேனை நேராகப் பலகையில் கொடுத்தாள். இறக்கை அசையவில்லை. துணியை நனைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சூரியனுக்கு வைத்த பொட்டா, பலகைக்கு வைத்த பொட்டா என்று ஒரு கணம் யோசித்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு முதல் மூலையைத் தேய்த்துத் துடைத்தாள். ஃபேன் அசையவில்லை. இரண்டாவது மூலை. இல்லை. மூன்றாவதையும் நான்காவதையும் துடைத்தாள். எல்லாம் சும்மா, அவன் வைத்ததை அநியாயமாக அழித்ததுதான் மிச்சம் என்று தோன்றியது. நடுவில் ஒன்றே ஒன்று பாக்கி. அதையாவது விட்டுவைக்கலாமா என்று துணியைக் கீழே வைத்தாள். வைத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் பிரித்துவிட்டு ஒரு மூடியை மட்டும் திறக்காமல் விடுவது அவள் வழக்கமில்லை. துடைத்தாள்.

ஃபேன் ஒருமுறை நடுங்கியது. அப்புறம் இறக்கையே தெரியாமல் சுற்றியது.

அவளுக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை, ஆச்சரியம். நான்கு துடைத்தபோது சும்மா இருந்தது, ஐந்தாவதற்கு ஏன் இப்படி? உள்ளங்கையை ஒரு கட்டத்தின் மேல் வைத்தாள். ஃபேன் துவண்டு நின்றது. எடுத்தாள், சுற்றியது. வேறு கட்டம், அதே கதை. எந்தக் கட்டத்தை மூடினாலும் அதே கதை. அப்போதுதான் அவள் லைன் அவளுக்கு நினைவு வந்தது. ஐந்து பேர் கை நின்றிருக்கும்போது நான்கு பேர் வேலைக்குத் திரும்பினால் மட்டும் லைன் ஓடிவிடுமா?

வேன் வந்து நின்ற சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. தணிகாசலம் கீழே நின்று, அவள் கையில் மஞ்சளும் சிவப்புமாக இருந்த துணியைப் பார்த்தான்.

"இன்னாம்மே, அழிச்சிட்ட?"

அவன் குரல் சின்னதாக இருந்தது.

"மேல ஏறி வா," என்றாள்.

ஏறி வந்தான். அவள் அவன் கையைப் பிடித்து ஒரு கட்டத்தின் மேல் வைத்தாள். ஃபேன் நின்றது. எடுத்துவிட்டாள். சுற்றியது. அவன் மறுபடி தானே வைத்துப் பார்த்தான். அடுத்த கட்டத்தில் வைத்தான். பிறகு ஒரு விரலை மட்டும் வைத்தான். ஃபேன் கொஞ்சம் சோர்ந்து, ஆனால் ஓடியது.

"ஒரே ஒரு கட்டத்தைத்தான மூடுறேன்," என்றான். "மத்ததுங்களுக்கு இன்னா வந்துச்சு? அம்மாம் சோம்பேறிங்களா?"

"எங்க லைன்ல நான் கைய நிறுத்துனா மத்தவளுங்க சோம்பேறியாய்யா? கைக்கு வந்தாத்தான அடுத்தவகிட்ட விடுவா?"

அவன் விரலை எடுத்துவிட்டு ஃபேனைப் பார்த்தான்.

"அப்போ இத்தினி நாளும் வூட்ட இருட்டாக்கினது நானா?"

"நீதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. இறங்கிப் போனான். வேனுக்குள் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. கயிறு வாங்கிப் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. திரும்பி ஏறி வந்தபோது அவன் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. கண்ணாடியைத் தொடாமல், அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில், விரல் நுனியால் ஒரு சின்னப் பொட்டு வைத்தான். உடனே ஃபேனைப் பார்த்தான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இங்க வெச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது."

"அண்ணன் கைல அந்த ரூம வாடகைக்கு வுடச் சொல்லிர்றேன்," என்றான் சட்டத்தைப் பார்த்தபடியே. "வெள்ள அடிச்சது வீணாவக் கூடாது."

மரகதம் பேட்டரியை மறுபடி மாட்டினாள். அவன் இறங்கவில்லை. பலகையின் பின்பக்கம் குனிந்து தடவிப் பார்த்தான், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான்.

"உள்ள இன்னாதான் கீது, மரகதம்?"

"தெரிலயேய்யா," என்றாள். "தொறக்க முடிலயே."