கடல் பக்கம் உட்காரவும்

தூத்துக்குடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் அந்த ஊருக்கு நான் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கன்னட ஹோம்வொர்க்குக்கு வாங்கிய நாற்பது பக்க நோட்டு. அட்டையில் ‘தூத்துக்குடிக்கு வரும் கால்பந்து ரசிகர்களுக்கு’ என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒரு பந்தும் அதைவிடச் சின்னதாக ஒரு கப்பலும் வரைந்திருந்தேன். அந்த ரசிகர்கள் யார் யார் என்று கேட்டால், நான் ஒருத்திதான்.

எங்கள் வீடு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில். அப்பா ஃபிட்டராக இருந்த ஃபேக்டரியை மூடியபோது எனக்கு நாலு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கும் இடத்தில், கன்வேயர் பெல்ட் ரிப்பேர் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வருவார். நாலு நாள் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார். மற்றபடி எனக்கு அப்பா என்றால் போன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அந்த போன் வரும். அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே நாலு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுப்பாள். சாப்பிட்டியா, படிக்கிறியா என்று அவர் கேட்பார், ஆமாம் ஆமாம் என்பேன். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ‘சரிம்மா, வச்சிடட்டுமா’ என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். ஒரு ஞாயிறு அப்படி இருவரும் சும்மா இருந்தபோது, அவருக்குப் பின்னால் பெரிய இரைச்சல் கேட்டது. அது என்ன சத்தம் என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கி, “மேட்ச் நடக்குதும்மா” என்றார்.

அன்றைக்கு இருபது நிமிடம் பேசினோம். எங்கள் வீட்டில் அது பெரிய சாதனை.

அப்புறம் வாரா வாரம் மேட்ச்தான். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடல் பக்கம் உட்காரவும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடிக்கும். சீக்கிரம் போனால் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் இடம் கிடைக்கும். ஒரு கோல்கீப்பர் ஒரு காலில் நீல சாக்ஸும் மறு காலில் வெள்ளை சாக்ஸும் போட்டிருப்பார், சிரிக்கக் கூடாது. எந்த டீம் கோல் போட்டாலும் கடலைக்காரர் சைக்கிள் பெல் அடிப்பார். பந்து கடலில் விழுந்தால் மூங்கில் கழியில் கூடை கட்டி எடுப்பார்கள், அதுவரை ஆட்டம் நிற்கும். வெள்ளைச் சட்டை போட வேண்டாம், கரித்தூள் படியும். இந்தக் கடைசி விதியை அவர் மிகவும் அழுத்திச் சொன்னார்.

எங்கள் காம்பவுண்டில் மற்றப் பிள்ளைகளை ஞாயிறு சாயங்காலம் அவரவர் அப்பா எங்காவது கூட்டிக்கொண்டு போவார். எல்லோரும் போன பிறகு காம்பவுண்டு ஓய்ந்துவிடும். நான் மாடிப்படியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவேன். எனக்கும் போக ஓர் இடம் இருக்கிறது, இப்போதைக்குப் போகவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றும். அந்த நினைப்பிலேயே ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

கோடை லீவில் அம்மாவை அரித்து எடுத்து சம்மதிக்க வைத்தேன். ஞாயிறு அங்கே இருக்கும்படிதான் கிளம்ப வேண்டும் என்று அடம். வழிகாட்டி சொன்னபடி அம்மாவை வெளிர் நிறப் புடவை எடுத்துவைக்க விடவில்லை. உட்கார இரண்டு பழைய பேப்பர், முகம் துடைக்க ஈரத்துண்டு. ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களுக்கு அந்தக் கோல்கீப்பரின் சாக்ஸ் வரை சொல்லி முடித்தேன்.

அப்பா இன்னொருவரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். நாங்கள் வருகிறோம் என்று அதைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஞாயிறு காலை நான் எழுந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். அறைக்கு வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்த, அப்பாவோடு தங்கியிருந்த மாமாவிடம், இன்றைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“மேட்சா? ஞாயித்துக்கிழம ஒங்கப்பாவுக்கு டபுள் டூட்டில்லா பாப்பா. அங்கன எந்த மேட்ச்சப் போய்ப் பாக்க?”

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சட்டென்று ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

நாலரை மணிக்கு அப்பா அரை மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். கிரவுண்டைக் காட்டுங்கள் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். துறைமுகச் சாலையை ஒட்டி உடைமுள் மரங்கள் முளைத்த ஒரு பொட்டலுக்கு எங்களை நடத்திப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக நான் ரசிகர்கள் என்று நினைத்திருந்த அதே இரைச்சல்.

“கிரவுண்ட வேற எடத்துக்கு மாத்திட்டாங்க போலருக்குதும்மா” என்றார்.

முதல் பொய்யைவிட இந்த இரண்டாவது பொய்தான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் ரயிலில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ‘பொய்’ என்று எழுதினேன். பேனா தீர்ந்ததும் பென்சிலால் எழுதினேன்.

அதன் பிறகு ஞாயிறு நாலரைக்கு நான் பாத்ரூமில் இருப்பேன், இல்லாவிட்டால் தூங்குவேன். அம்மா போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்ப்பாள். நான் கண்ணை இன்னும் இறுக மூடிக்கொள்வேன். கோபத்தில் இருந்தேனே தவிர, அந்த ஞாயிறுகளைப்போல் நீளமான ஞாயிறுகளை நான் பார்த்ததில்லை.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அம்மாவின் தம்பி ஒரு சனிக்கிழமை பைக்கில் வந்து நின்றார். “வா பாப்பா, எந்நேரமும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினே இருக்காத. ஏரிக்கர கிரவுண்டுல ஃபைனல் இருக்குது, போலாம்” என்றார். அல்சூர் ஏரியை ஒட்டி இருந்த அந்த மைதானம் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோவாராம். எனக்கு நினைவில்லை. அவர் போன பிறகு அம்மா என்னை அந்தப் பக்கம் விட்டதில்லை.

ஏரிப் பக்கம் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் டேங்க் இருந்தது. பக்கத்தில் புங்க மரம். கோல்கீப்பருக்கு வயதாகித் தொப்பை விழுந்திருந்தது, ஆனால் ஒரு காலில் நீல சாக்ஸ், மறு காலில் வெள்ளை. கோல் விழுந்ததும் எங்கிருந்தோ சைக்கிள் பெல் அடித்தது. பந்து ஏரியில் விழுந்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் மூங்கில் கழியில் கட்டிய கூடையோடு படியிறங்கினார்.

மாமா கத்திக்கொண்டிருந்தார். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யையாவது சொந்தமாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்துத் தெரு மைதானத்தைத் தூக்கிக் கடலோரத்தில் வைத்து என்னை ஏமாற்றியிருக்கிறார். கிளாஸில் காப்பியடித்துப் பிடிபட்டவர்களைப் பார்ப்பதுபோல் அவரை இளக்காரமாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாலரைக்கு நானே போனை எடுத்தேன்.

“அப்பா, அது நம்ம ஏரிக்கர கிரவுண்டுதானே? நான் நேத்து போய்ப் பாத்துட்டேன்.”

கன்வேயர் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வசமாக மாட்டிக்கொண்டார் என்று காத்திருந்தேன்.

“டேங்க் பக்கத்துல அந்தப் புங்க மரம்… இன்னும் இருக்குதாம்மா?” என்று கேட்டார்.

“இருக்குது. நீங்க பொய் சொன்னீங்க” என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஜெயித்துவிட்ட திருப்தியோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் இவர் எதற்கு மரத்தைப் பற்றி விசாரிக்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குக் கோபமாக இருந்தது.